ஆறாந்தொட்டி காத்த படலம்

வாழ்க பச்சையார்! பன்னிரண்டாம் மாடியில் கொலுவீற்றிருந்து, படியிருக்க மின்தூக்கி ஏறாப் பாதமும், துணிப்பையிருக்க நெகிழிப்பை தீண்டாக் கரமும், ஆளில்லா அறையில் விளக்கெரியக் கண்டால் அணைக்காது அடங்காத விரலும் உடையவராய், காற்றையே குளிரூட்டியாகவும் கதிரவனையே விளக்காகவும் கொண்டு கட்டடங்கள் வரையும் அலுவலகத்தின் தலைமை வடிவமைப்பாளராய், தொட்டி ஆறிலும் தம் ஆணை நடத்தி ஆளும் குப்பைக்குலகாலர் வாழ்க! அவர் வென்ற போர்கள் பல. ஒரே ஒரு போர்தான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

பச்சையார் என்பது பெற்றோர் இட்ட பெயரன்று. அலுவலகத்தார் முதுகுக்குப் பின்னால் இட்ட பெயர். அது அவர் காதில் விழாது என்று அவர்கள் நம்பினார்கள். விழுந்தது, அவருக்குப் பிடித்தும் இருந்தது.

கீரைத்தண்டையும் வாழைத்தோலையும் உண்டு செரித்துக் கருநிறப் பொன்னாய்த் திருப்பித் தரும் மண்புழுவே! மாடித்தோட்டத்து மண்ணுக்குள் மறைந்து வாழும் மாண்புடையாய்! இப்பெருங்கதையைப் பிழையறப் பாட எமக்கு அருள் செய்க! நாவில் வந்து நெளிய வேண்டாம். பக்கத்தில் இருந்தால் போதும்.

பச்சையாரின் அரண்மனை வாயிலைக் கடந்ததும், வரவேற்பு மேசைக்கு எதிரே ஆறு தொட்டிகள் அணிவகுத்து நிற்கும். எச்சில் பண்டம் உண்பது பச்சைத் தொட்டி. காகிதம் உண்பது நீலத் தொட்டி. நெகிழி மேய்வது மஞ்சள், தகரமும் கண்ணாடியும் விழுங்குவது சாம்பல், செத்த மின்கலங்களைச் சிறைகொள்வது சிவப்பு. ஐந்துக்கும் ஐந்து வகைப் பசி. ஆறாவதற்கு மட்டும் பசியே கிடையாது.

மக்காதது, மறுபடி எதற்கும் உதவாதது, நகரத்துக்கு வெளியே குப்பைமேட்டில் போய்ச் சேர்வதைத் தவிர வேறு கதியற்றது என்று எதைச் சொல்கிறோமோ, அதற்கென அமைந்தது அந்த ஆறாந்தொட்டி. நாற்புறமும் கண்ணாடி. இடித்த வீட்டுக் கதவை அறுத்துச் செய்த பீடம். உச்சியில் வெயிலைக் குடித்து எரியும் குட்டி விளக்கு. மூடியற்ற அதன் திருவாய், வைத்த நாள் முதலாய் வானம் பார்த்துத் திறந்தே கிடக்க, உள்ளே ஒரு துரும்பும் விழுந்து தங்கியதில்லை. நாள்தோறும் காலையில் பச்சையாரே தம் கைக்குட்டையால் அதன் நான்கு முகங்களையும் துடைப்பார். ‘குப்பையே இல்லாத அலுவலகம்’ என்று பத்திரிகைகள் எழுதின. வந்தவர்கள் அதனருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். காலிப் பாத்திரத்துக்கு இவ்வளவு மரியாதையா என்று கேட்க அங்கே யாருக்கும் துணிவில்லை.

துணிவில்லாமைக்குக் காரணம் உண்டு. முன்னொரு நாள், வரவேற்பு மேசைப் பெண் ஏதோ ஞாபகத்தில் தீர்ந்துபோன பேனா ஒன்றை அந்தக் கண்ணாடிக்குள் போட்டுவிட்டாள். பச்சையார் அதை இரு விரலால் வெளியே எடுத்தார். அலுவலகம் முழுவதையும் கூட்டினார். பேனாவை மூடி வேறு, முனை வேறு, சுருள்கம்பி வேறு, மைக்குழல் வேறு எனக் கண்டதுண்டமாக்கி, எது எந்தத் தொட்டிக்கு உரியது என்று திரையில் படம் போட்டு, சாப்பாட்டு நேரம் வந்து, நின்று பார்த்து, கடந்தும் போன பின்பும் முழங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு முகமே இல்லை. அதன்பின் ஒருவரும் ஆறாந்தொட்டியின் பக்கம் கைநீட்டவில்லை. ‘நம் ஆட்கள் திருந்திவிட்டார்கள்’ என்று பச்சையார் மனம் குளிர்ந்தார்.

இத்தகைய பேரரசுக்குச் சோதனை வந்த நாள், பசுமை விருதின் நடுவர் வருகின்ற நாள். நகரின் நடுவே கைவிடப்பட்டுக் கிடந்தது ஒரு பழைய பேருந்துப் பணிமனை. எண்ணெய் குடித்துக் கறுத்த அதன் தரையைப் பெயர்த்து மரம் நடவும், பேருந்து கழுவிய பள்ளத்தில் மழைநீர் தேக்கவும், ஓட்டை விழுந்த தகரக் கூரையின் மேல் கொடி படரவிட்டு அடியில் பிள்ளைகள் ஓடியாட நிழல் விரிக்கவும் பச்சையார் நெடுங்காலமாக வரைந்து வரைந்து வைத்திருந்தார். வீட்டில் அவர் பேச்சு முழுக்க அந்தத் தோப்பாகவே இருக்கப்போய், அவர் மனைவி ஒருநாள், “பேசாம அங்கயே ஒரு கட்டிலைப் போட்டுக்குங்க” என்று சொல்லிவிட்டார். இந்த ஆண்டு பசுமை விருது எவருக்கோ அவருக்கே அந்தப் பணிமனை வேலை என்று நகர நிர்வாகம் அறிவித்திருந்தது. விருதுக்கு அவர் காட்டப்போகும் ஒரே அதிசயம் ஆறாந்தொட்டி. அது காலியாக இருந்தால் தோப்பு உண்டு. இல்லையென்றால் இல்லை.

பகைவன் பிற்பகலில் வந்தான். குதிரையேறி வரவில்லை, கொம்பூதி வரவில்லை. பச்சையாரைப் பார்க்க வந்த கட்டட ஒப்பந்தக்காரர் ஒருவரின் இடக்கையில் ஏறி வந்தான். அவர் வலக்கை அலைபேசியைக் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தது. அவர் பேசினார், சிரித்தார், வரைபடத்தைப் பார்த்தார், “சிமெண்ட் கொஞ்சம் கூடப் போடலாமே” என்று பச்சையாரின் நெஞ்சில் வேல் பாய்ச்சினார், கிளம்பினார். அவர் போன பின்பு மேசைமேல், வரைபடத்தின் மூலையில், வட்டக் காபிக்கறை ஒன்றின் நடுவே, நின்றது அது. காகிதக் கோப்பை! வெளியே வெள்ளைத்தாள் போர்த்து, உள்ளே நெகிழித்தோல் உடுத்து, அடியில் ஒரு மடக்குக் காபியைத் தேக்கிக்கொண்டு, யார் நீ என்று கேட்டால் எந்தக் குலமும் சொல்லாமல் நிற்கும் இருபிறப்பாளன்!

பச்சையார் பதறவில்லை. கோப்பையை ஏந்தி எழுந்து, உரியவரிடம் ஒப்படைக்க விரைந்தார். ஒப்பந்தக்காரரை விழுங்கிய மின்தூக்கிக் கதவு அவர் மூக்கின் முன்னால் மூடிக்கொண்டது. ஏறாப் பாதம் ஏறாப் பாதமே. விரதம் காத்த வீரர் பன்னிரண்டு மாடிகளையும் படிவழியே, கோப்பையில் ஒரு துளியும் சிந்தாமல், இறங்கி ஓடினார். தெருவை அடைந்தபோது ஒப்பந்தக்காரரின் கார் முனை திரும்பி மறைந்தது. அது கக்கிய புகை மட்டும் அவரை வரவேற்க மிச்சமிருந்தது. அந்தப் புகையை வேறு கொஞ்சம் முகர்ந்துவிட்டு, பன்னிரண்டு மாடிகளையும் ஏறினார்.

‘எவர் மேசையில் கிடக்கிறதோ அவர் குப்பை.’ இது அந்த நாட்டின் முதற்சட்டம். பெரிய எழுத்தில் அச்சாகித் தொட்டிகளுக்கு மேலே தொங்கியது. இயற்றியவர் பச்சையார். ஆகவே மூச்சு வாங்கத் தம் இருக்கையில் சாய்ந்த அவர், எதிரில் இருந்த கோப்பையைப் பார்த்து, இது இனி என் குப்பை என்று உணர்ந்தார்.

தொடங்கிற்று முற்றுகை! முதலில் பச்சைத் தொட்டியை அணுகி எஞ்சிய காபியை ஊற்றினார். அது மறுபேச்சின்றிக் குடித்தது. வெற்றி! அடுத்து நீலத் தொட்டியை அணுகினார். அணுகியவர் அங்கேயே நின்றார். தொட்டியின் நெற்றியில் ஒரு சுவரொட்டி. அதில் அச்சு அசலாக இதே கோப்பையின் படம், அதன்மேல் சிவப்பில் குறுக்குக்கோடு, கீழே ‘தாள் வேடமிட்ட நெகிழி! ஏமாறாதீர்!’ என்ற அறைகூவல். எழுதியவர் பச்சையார். மஞ்சளிடம் போனார். அங்கேயும் அதே படம், அதே கோடு. ‘நெகிழி வேடமிட்ட தாள்! ஏமாறாதீர்!’ இதையும் எழுதியவர் அவரே. அன்றைக்குத் தம் சொல்வன்மையை எண்ணி அவரே மெச்சிக்கொண்ட வாசகங்கள் இவை.

அவர் கோப்பையை மார்போடு அணைத்துத் தொட்டிகளின் முன் வடக்கும் தெற்குமாக உலாவுவதைக் கண்ட அலுவலகம் நடுநடுங்கிற்று. “சார் ரவுண்ட்ஸ் வர்றார்” என்று மேசைக்கு மேசை செய்தி பறந்தது. முதுகுகள் நிமிர்ந்தன. இழுப்பறைகள் மூடப்பட்டன. மேசைக்கடியில் கால்கள் எதையெதையோ பின்னுக்குத் தள்ளின. அவர்கள் அவரைக் கண்டு அஞ்சினார்கள், அவர் அவர்களைக் கண்டு அஞ்சினார். இரு தரப்பும் ஒன்றையொன்று பார்த்துப் புன்னகைத்துக்கொண்டது.

எஞ்சியிருந்த ஒரே வழி, பகைவனைப் பிளப்பது. தாளும் தோலுமாய்ப் பிணைந்து நிற்பதால்தானே இந்த இறுமாப்பு? இரண்டாக உரித்துவிட்டால் தாள் நீலத்துக்கு, தோல் மஞ்சளுக்கு, சிக்கல் தீர்ந்தது. இவ்வாறு சூழ்ந்த பச்சையார் கைகழுவும் அறைக்குள் புகுந்து தாழிட்டுக்கொண்டார்.

அங்கே நடந்த போரை எப்படிச் சொல்வோம்! நீரில் ஊறினால் தாள் இளகும் என்று அவர் குழாயின் கீழ் கோப்பையை நீட்டினார். அது அவர் வடிவமைத்த குழாய். நீர் வீணாகாதிருக்க, கை கண்டால் மட்டுமே சுரந்து, மூன்று எண்ணுவதற்குள் நின்றுவிடும். கோப்பை அதன் கண்ணுக்குக் கையாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு கையைக் குழாய்க்குக் காட்டி மறுகையால் கோப்பையை நனைத்து, நகத்தை அம்பெனக் கூர்தீட்டி விளிம்பில் செலுத்தி, மூச்சடக்கி, இமையாது, அசையாது, தோலின் ஒரு நுனியைப் பற்றினார். விளக்கு அணைந்தது. அசைவு கண்டால் மட்டுமே எரிவது அந்த விளக்கு, அதுவும் அவர் வடிவமைத்ததே. அறையில் ஆளில்லை என்று அது முடிவு செய்துவிட்டது. அசையாவிட்டால் இருட்டு, அசைந்தால் நழுவும் நுனி. ஒற்றைக் காலைத் தூக்கிப் பின்னுக்கும் முன்னுக்கும் வீசி வெளிச்சம் உண்டாக்கிக்கொண்டு, கையை மட்டும் நிலைநிறுத்தி உரித்தார். உரிந்தது. ஆனால் உரிந்த தோல் தாளில் பாதியைத் தன்னோடு பிய்த்துக்கொண்டு வந்தது. மீந்த தாள் பாதித் தோலோடு குழைந்தது. ஒரு பகைவன் இரு பகைவரானான். இருவருமே இருபிறப்பாளர்.

“சார், நடுவருங்க கீழ வந்துட்டாங்களாம். லிஃப்ட்ல ஏறிட்டாங்க” என்று வரவேற்புப் பெண்ணின் குரல் கதவுக்கு வெளியே ஒலித்தது. பச்சையாரின் கையில் நைந்து, சொட்டி, அருவருக்கத் தகுந்த ஒரு வெள்ளைக் கந்தல். அதற்கு இந்த உலகத்தில் நேர்மையான இடம் ஒன்றே ஒன்று. அது கண்ணாடியால் ஆனது.

இல்லை, அது நடவாது. ஓடினார் பச்சையார், ஊழியர்கள் தம் பைகளை வைக்கும் ஒதுக்கறைக்கு. தம் துணிப்பையின் அடியில் இந்த அவமானத்தைப் புதைத்துவிட்டு, எதுவும் நடவாததுபோல நடுவர்முன் நிற்பது என்று திட்டம். கதவைத் தள்ளினார். உள்ளே ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அட்டையிலும் தக்கையிலும் கட்டடங்களின் மாதிரி உருவங்களைச் செய்பவர், அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘மாதிரி அக்கா’. பச்சையாருக்கும் அப்படித்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல அக்கா வெடுக்கென்று திரும்பினார். அவருடைய கைப்பை வாய் பிளந்து கிடக்க, அதற்குள் பாதி நுழைந்தும் பாதி நுழையாமலும் ஒரு காகிதப் பொட்டலம்.

“என்னக்கா அது?”

“நீங்க கையில என்ன சார் வச்சிருக்கீங்க?”

அக்காவே பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். காய்ந்துபோன பசைக்குழாய்கள், உடைந்த தக்கை, ஒட்டுநாடாவின் சுருணைகள்.

“எந்தத் தொட்டியிலயும் சேராது சார். அதான் வீட்டுக்குக் கொண்டுபோறேன்.”

“வீட்டுக்கு எதுக்கு?”

“அங்க ஒரே தொட்டிதான்.”

“எவ்வளவு நாளாக்கா இப்படி?”

“கண்ணாடித் தொட்டி வந்ததுலேர்ந்து. நான் மட்டும் இல்ல சார், எல்லாருந்தான். எங்க வீட்டுக்காரர் கேக்கறார், உங்க ஆபீஸ்ல சம்பளத்தோட குப்பையும் சேத்துக் குடுக்கறாங்களான்னு.”

பச்சையார் அலமாரியைப் பார்த்தார். வரிசையாகப் பைகள். எல்லாம் உப்பிப் பெருத்திருந்தன. உழைப்பாளிகள், கட்டுச்சோறு நிறையக் கொண்டுவருகிறார்கள் என்று அவர் இத்தனை நாளும் எண்ணிப் பெருமைப்பட்ட பைகள். ஒன்றை விரலால் தொட்டார். சரசரவென்று பிஸ்கட் உறைகளின் ஓசை. இன்னொன்றைத் தொட்டார். அதுவும் சரசரத்தது.

“ஏன் யாரும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?”

“ஒரு பேனாவுக்கே அவ்ளோ நேரம் பேசினீங்க. இதையெல்லாம் சொன்னா அப்புறம் நாங்க எப்ப சார் வேலை பாக்கறது?” என்றார் அக்கா. அவர் குரலில் குத்தல் இல்லை. உண்மையிலேயே அதுதான் அவருக்கிருந்த கவலை. பிறகு அவர் கண் பச்சையாரின் கையில் சொட்டிக்கொண்டிருந்த கந்தலின்மேல் விழுந்தது. என்ன, ஏது என்று கேட்கவில்லை. கைப்பையின் வாயை இன்னும் கொஞ்சம் அகட்டினார். “இப்படிக் குடுங்க. இதுல இன்னும் இடம் இருக்கு.”

ஒப்பந்தக்காரரின் சிமெண்ட் வேல் துளைக்காத நெஞ்சை இந்தச் சொல் துளைத்தது. பச்சையாருக்கு வெட்கமாக இருந்தது. குப்பைக்கு வெட்கப்படவில்லை. தாம் ஒழித்துவிட்டதாக மார்தட்டிக்கொண்ட குப்பையை இந்த மனிதர்கள் மாலைதோறும் பேருந்து நெரிசலில் தோளில் சுமந்து போயிருக்கிறார்கள், மறுநாள் வந்து அவரைப் பார்த்துச் சிரித்து வணக்கமும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு வெட்கப்பட்டார். “வேண்டாம்க்கா, இது என் மேசைக் குப்பை” என்று மட்டும் சொல்லி, கந்தலைத் தம் கால்சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார். ஈரம் தொடையில் பரவியது.

மின்தூக்கியின் கதவு திறந்தது. எழுந்தருளினர் நடுவர் மூவர்! குறிப்பெடுக்கும் நடுவர் ஒருவர், படமெடுக்கும் நடுவர் ஒருவர், இருவருக்கும் நடுவே, நகரத்துப் பூங்காக்கள் பாதிக்குக் கோடு கிழித்துக் கொடுத்தவர், நரைத்த தலையும் விடாத இருமலும் உடைய தலைமை நடுவர். குழாயைப் பார்த்தார்கள், வியந்தார்கள். விளக்கைப் பார்த்தார்கள், கையசைத்து எரியவிட்டு மகிழ்ந்தார்கள். இறுதியில் ஆறு தொட்டிகளின் முன்னே வந்து, ஐந்தைக் கடந்து, ஆறாவதன் முன் நின்றார்கள். கண்ணாடி பளபளத்தது. உள்ளே வெறுமை அப்பழுக்கின்றித் துலங்கிற்று.

“இவ்வளவு பேர் வேலை பாக்கற இடத்துல, இது எப்படிங்க காலியாவே இருக்கு?” என்று கேட்டார் தலைமை நடுவர்.

அவர் முதுகுக்குப் பின்னால் அலுவலகம் முழுவதும் திரண்டு நின்றது. வரவேற்புப் பெண் தரையைப் பார்த்தாள். மாதிரி அக்கா கைப்பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பச்சையாரின் அகக்கண்ணில் தோப்பு எழுந்தது. பெயர்த்த தரையில் கன்றுகள் தளிர்விட, பள்ளத்தில் மழைநீர் நிறைய, கொடி படர்ந்த தகரக் கூரையின் அடியில் யாரோ ஒரு சிறுமி செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணில் நடந்தாள். ஒரு சொல், ‘எல்லாம் எங்கள் கட்டுப்பாடுதான்’ என்ற ஒரே ஒரு பொய் போதும், அத்தனையும் அவருடையது. அவருக்கு அது வேண்டும்தான், வேறெதையும் அவர் அவ்வளவு ஆசைப்பட்டு வரைந்ததில்லை. ஆனாலும் தொடையில் அந்த ஈரம் உறுத்திற்று, அவரால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். தோப்பு போனால் போகட்டும் என்று எண்ணும்போதே அழுகை வரப் பார்த்தது, விழுங்கிக்கொண்டார். இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக் கந்தலை இறுகப் பற்றி, வலக்கையை உயர்த்தி, ஆண்டாண்டாய் அவர் முழங்கிய முழக்கங்களெல்லாம் இதற்கு ஒத்திகைதானோ என்னும்படி நெஞ்சு நிமிர்ந்து, “நடுவர் பெருமக்களே! இத்தொட்டியின் தூய்மை எம் தூய்மையன்று. இங்கே விழாத குப்பை எங்கே விழுந்தது என்பதை, என் மக்கள் முன்னிலையில், என் வாயாலேயே...” என்று தொடங்க, அலுவலகம் மூச்சை நிறுத்த, படமெடுக்கும் நடுவர் கருவியை உயர்த்த, குறிப்பெடுக்கும் நடுவர் பேனாவைத் திறக்க, வரவேற்புப் பெண் கண்ணை இறுக மூடிக்கொள்ள, கடலும் மலையும் காதுகொடுத்து நின்றதுபோன்ற அந்தப் பேரமைதியில் தலைமை நடுவருக்கு இருமல் வந்தது.

அவர் ஓர் இருமல் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, உறையைக் கண்ணாடித் தொட்டியில் போட்டார்.